உடம்புக்குள் சென்சார் வைக்கச் சொல்கிறார்கள், சரி சொல்வதற்கு முன் என்ன கேட்கலாம்?

வளர்பிறை:
அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு நீரை இறக்கி அனுப்புவார்கள், கொஞ்ச நாள் நன்றாக இருப்பார், மறுபடியும் முதலிலிருந்து. இப்போது இதய மருத்துவர் நுரையீரல் தமனிக்குள் சின்னதாக ஒரு பிரஷர் சென்சார் வைத்துவிடலாம், தினமும் வீட்டிலிருந்தே அளவு வந்துவிடும் என்கிறார். கார்டியோமெம்ஸ் என்று பெயர். அப்பா அரை மனதோடு இருக்கிறார், அம்மாவுக்கு உடம்புக்குள் மின்சாதனம் என்றாலே பயம். கொடுத்த கையேட்டில் எல்லாம் நல்லதாகத்தான் போட்டிருக்கிறது. நிஜமாகவே பயன் உண்டா? என்னென்ன கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுற்றுப்பாதை:
அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், எலக்ட்ரானிக்ஸ் என் வேலை. அந்த சென்சாரில் பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருளும் (coil), மின்னேற்றத்தைத் தேக்கும் இரண்டு தகடுகள் கொண்ட ஒரு கெப்பாசிட்டரும்தான். தமனியில் அழுத்தம் கூடும்போது கெப்பாசிட்டரின் தகடுகள் லேசாக நெருங்குகின்றன, அதனால் அந்தச் சுற்று ஒத்ததிரும் அதிர்வெண் மாறுகிறது. வெளியே ஆன்டெனா வைத்த ஒரு தலையணை கொடுப்பார்கள். அதில் படுத்து பொத்தானை அழுத்தினால் அது ரேடியோ அலையை அனுப்பி, உள்ளே இருக்கும் சுற்று எந்த அதிர்வெண்ணில் பதில் தருகிறது என்று பார்த்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. அரை நிமிடம்கூட ஆகாது. மற்ற நேரம் முழுக்க அந்த சென்சார் எதையும் அனுப்பாமல், எதையும் வாங்காமல் சும்மா கிடக்கும்.

நீளம் சுமார் 15 மில்லிமீட்டர். இரண்டு முனையிலும் நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த கம்பி வளையம், அது தமனிச் சுவரில் பிடித்துக்கொள்ளும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் கதீட்டரை ஏற்றிக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி 2014 மே மாதம் கிடைத்தது. பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோய் மாற்ற வேண்டும் என்ற கவலை இல்லை. ஆனால் ஒருமுறை வைத்தால் அது அங்கேதான் இருக்கும், பிடிக்கவில்லை என்று எடுத்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. இதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
இதயப் பிரிவில் தொலைக் கண்காணிப்பு வேலை பார்க்கும் செவிலி நான். வளர்பிறை தம்பி, சென்சாரைப் பற்றிக் கேட்பதெல்லாம் அப்புறம். முதலில் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: அந்த எண்ணை யார் பார்ப்பார்கள், வாரத்தில் எத்தனை நாள் பார்ப்பார்கள், கூடினால் யார் போன் செய்வார்கள், மருந்தை மாற்றும் அதிகாரம் அன்றைக்கு யாரிடம் இருக்கும்?

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த சென்சாருக்குப் பலன் உண்டு என்று காட்டிய சாம்பியன் ஆய்வில் 550 பேர். எல்லாருக்கும் சென்சார் வைத்தார்கள், எல்லாரும் தினமும் அளவு எடுத்து அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் அளவை மருத்துவர்கள் பார்த்து அதற்கேற்ப மருந்தை மாற்றினார்கள். மீதிப் பேரின் அளவு மருத்துவர்களுக்குக் காட்டப்படவே இல்லை, அவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதத்தில், அளவைப் பார்த்து மருந்து மாற்றிய குழுவில் ஹார்ட் ஃபெயிலியருக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைந்தது. 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு குழுவின் உடம்பிலும் இருந்தது ஒரே சாதனம் என்பதை மறந்துவிடாதீர்கள். பார்த்து மருந்தை மாற்ற ஆள் இருந்தார்களா என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

உடம்பில் நீர் கோக்கும்போது முதலில் ஏறுவது நுரையீரல் தமனி அழுத்தம். எடை கூடுவது, கால் வீங்குவது, மூச்சு முட்டுவது எல்லாம் அதற்குப் பல நாள் கழித்து, சிலருக்கு வாரக்கணக்கில் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் எங்கள் வேலை. காலையில் திரையைத் திறந்தால் ஒருவருடைய டயஸ்டாலிக் அழுத்தக் கோடு (இதயம் தளரும்போது தமனியில் உள்ள அழுத்தம்) 16, 18, 21, 23 என்று ஏறிக்கொண்டிருக்கும். ஆய்வில் வைத்த இலக்கு 8க்கும் 20க்கும் நடுவே. போன் செய்தால் "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்குக் கூப்பிடுகிறீர்கள்" என்பார். மாத்திரை விட்டுப்போனதா, உப்பு கூடிவிட்டதா, மூட்டு வலிக்கு யாராவது வலிமாத்திரை கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம் (வலிமாத்திரைகளில் பல உடம்பில் நீரைத் தேக்கும், இது நிறையப் பேருக்குத் தெரியாது). மருத்துவர் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார், சில நாளில் சிறுநீரக ரத்தப் பரிசோதனை, கோடு இறங்குகிறதா என்று தினமும் பார்ப்போம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த சென்சாரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்விக்குறி:
இரவுப்பணி அக்கா சொன்ன ஆய்வு பழையது. 2021இல் இதே சென்சாரைப் பற்றி கைட்-ஹெச்எஃப் என்று 1000 பேரை வைத்துச் செய்த ஆய்வும் லான்செட்டில்தான் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. கொரோனா வருவதற்கு முந்தைய காலத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பலன் தெரிந்தது என்கிறார்கள்.

இதைவிடப் பெரிய உதாரணம் டென்மார்க்கின் லூப் ஆய்வு. 70 முதல் 90 வயதுக்குள், பக்கவாதத்துக்கான ஆபத்துக் காரணிகள் உள்ள 6004 பேர். நாலில் ஒருவருக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் லூப் ரெக்கார்டர் வைத்து இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பு சாதனம் வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேரிடமும், வைக்காதவர்களில் 12.2 சதவீதம் பேரிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் துடிப்பால் இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்பதால், கண்டுபிடித்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் கொடுத்தார்கள். பக்கவாதம்? சாதனம் வைத்தவர்களில் 4.5 சதவீதம், வைக்காதவர்களில் 5.6 சதவீதம், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது. இரண்டரை மடங்குக்கு மேல் கண்டுபிடித்தும் உருப்படியான பலன் நிரூபணமாகவில்லை. அதிகமாக அளந்தால் ஆரோக்கியம் கூடும் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் இந்தச் சந்தை ஓடுகிறது.

இரவுப்பணி:
கேள்விக்குறி, லூப் ஆய்வைக் கொண்டுவந்தது நல்லது, ஆனால் அதை வளர்பிறையின் அப்பாவுக்குப் பொருத்தக் கூடாது. அதில் இருந்தவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதாகத் தெரியாதவர்கள், தொல்லை எதுவும் இல்லாமலேயே தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். அப்படித் தேடினால் சில நிமிடம் வந்து தானே மறைகிற துடிப்புக் கோளாறெல்லாம் மாட்டும். அவ்வளவு சின்னக் கோளாறுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து தரலாமா என்பதே பெரிய கேள்வி. 2023இல் வந்த ஆர்ட்டீசியா ஆய்வில் அபிக்ஸபான் என்ற அந்த வகை மருந்தைக் கொடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது, கூடவே பெரிய ரத்தக்கசிவுகள் கூடின. ஆளைப் பார்த்து எடைபோட வேண்டிய விஷயம்.

அதே லூப் ரெக்கார்டரை வேறு ஒருவருக்கு வைத்துப் பாருங்கள். காரணமே தெரியாமல் மயங்கி விழுகிறவர், எல்லா இ.சி.ஜி.யும் சரியாக இருக்கும், ஆனால் மயக்கம் சில மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 24 மணி நேரம் மாட்டிவிடும் கருவியில் அது எப்படிச் சிக்கும்? அல்லது பக்கவாதம் வந்து காரணம் தெரியாதவர். கிரிஸ்டல் ஏஎஃப் ஆய்வில் அப்படிப்பட்ட 441 பேரைப் பின்தொடர்ந்தார்கள், ஒரு வருடத்தில் சாதனம் வைத்தவர்களில் 12.4 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்தது, வழக்கமான பரிசோதனையில் 2 சதவீதம். இவர்களுக்கு அந்தத் தகவல் மருந்தையே மாற்றுகிறது.

கைட்-ஹெச்எஃப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் லேசான நோய் உள்ளவர்களையும் சேர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். 2023இல் நெதர்லாந்தில் 348 பேரிடம் நடந்த மானிட்டர்-ஹெச்எஃப் ஆய்வில் வாழ்க்கைத் தரமும் கூடியது, ஆஸ்பத்திரி சேர்க்கையும் குறைந்தது. இவர்கள் புதிய மருந்துகளும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று வளர்பிறை எழுதியிருக்கிறார், பலன் கிடைக்க அதிக வாய்ப்புள்ள ஆள் அவர்தான்.

தேன்சிட்டு:
நடுவில் ஒரு கேள்வி. எனக்கு எந்த நோயும் இல்லை, ஆனால் உடம்பில் என்ன நடக்கிறது என்று எப்போதும் தெரிந்துகொண்டிருந்தால் நல்லதுதானே? சர்க்கரை, பிரஷர், துடிப்பு எல்லாம் ஒரே சிப்பில் வந்தால் நான் வைத்துக்கொள்வேன்.

இரவுப்பணி:
வேண்டாம் தம்பி. தோலை வெட்டி உள்ளே வைக்கிற எதற்கும் கிருமித்தொற்று, ரத்தக்கசிவு, பிறகு எடுக்கும்போது இன்னொரு வெட்டு என்று விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கக் காரணமான நோய் உங்களிடம் இல்லை.

நீலவானம்:
எனக்கு டைப் 1 சர்க்கரை, கைக்குள் வைக்கும் எவர்சென்ஸ் சென்சார் பயன்படுத்துகிறேன், எனவே தேன்சிட்டுக்கு அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரே சிப்பில் எல்லாம் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஒரு குளுக்கோஸை மட்டும் ஒழுங்காக அளக்கவே எவ்வளவு பாடு என்று கேளுங்கள்.

மேல் கையில் தோலுக்கு அடியில், 18 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு உருளை. அதன் மேல் பூசியிருக்கும் பாலிமரில் குளுக்கோஸ் வந்து ஒட்டும்போது ஒளிர்வு மாறுகிறது, உள்ளே இருக்கும் எல்.இ.டி.யும் ஒளியுணர்வியும் அதை அளக்கின்றன. வெளியே அதே இடத்துக்கு மேல் ஒரு டிரான்ஸ்மிட்டரை ஒட்டிக்கொள்ள வேண்டும், உள்ளே இருப்பதற்கு மின்சாரம் தருவதே அதுதான். கழற்றினால் அளவு வராது. தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்த விஷயம், சர்க்கரை இறங்கினால் அந்த டிரான்ஸ்மிட்டர் கையிலேயே அதிரும். தூக்கத்தில் போனின் சத்தம் கேட்காது, கையில் அதிர்ந்தால் எழுந்துவிடுவேன். இதற்காகவே வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

2018இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தபோது அது 90 நாள்தான் தாங்கும். 2022இல் 180 நாள், 2024 செப்டம்பரில் ஒரு வருடம் தாங்குவதற்கு அனுமதி. அதற்கு மேல் ஏன் போகவில்லை என்றால், உடம்பு சும்மா விடாது. அந்நியப் பொருள் என்று தெரிந்ததும் வெள்ளணுக்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன, கரைக்க முடியாதபோது நார்த்திசுவால் ஒரு உறை கட்டி ஒதுக்கிவைக்கப் பார்க்கின்றன. உறை தடித்தால் குளுக்கோஸ் சென்சாரிடம் வந்து சேராது. அதைத் தள்ளிப்போடத்தான் அந்த உருளையிலேயே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு வளையம் ஒன்று வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அந்த இடத்து அழற்சியைக் குறைக்கும்.

இன்னும் ஒன்று, இது அளப்பது ரத்தத்தை இல்லை, திசுக்களுக்கு இடையே உள்ள திரவத்தை. ரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் சில நிமிடம் பின்தங்கும். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் எடுத்தால் அளவு குறைவாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. சாதாரணப் புண்ணுக்கோ முகப்பருவுக்கோ அந்த மாத்திரையை எழுதித் தரும் மருத்துவருக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தாங்குகிறேன் என்றால், எண் வந்த அடுத்த நிமிடமே இன்சுலினையோ சாப்பாட்டையோ மாற்ற என்னால் முடிகிறது என்பதால்தான். அந்த எண்ணைப் பார்க்கிறவனும் நான், முடிவெடுக்கிறவனும் நான். வளர்பிறையின் அப்பா விஷயம் அப்படி இல்லை, அதனால் அக்கா கேட்கச் சொன்ன கேள்வி அங்கே இன்னும் முக்கியம்.

கேள்விக்குறி:
சரி, நோயாளிக்கு நோயாளி மாறும் என்பதை ஏற்கிறேன். பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2008லேயே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெஞ்சுக்குள் வைக்கும் டீஃபிப்ரிலேட்டர் (துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுக்கும் சாதனம்) ஒன்றோடு வெளியிலிருந்து ரேடியோ வழியாகத் தொடர்புகொண்டு, தகவலைப் படித்து, அமைப்பையும் மாற்றிக் காட்டினார்கள். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியின் இதயச் சாதனத்தில் வயர்லெஸ் வசதியை மருத்துவர் அணைத்தே வைத்திருந்தார், 2013இல் அது வெளியே வந்தது. 2017இல் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மென்பொருள் புதுப்பிப்பு தேவைப்பட்டது, அதற்கு நோயாளிகள் நேரில் போக வேண்டியிருந்தது.

சுற்றுப்பாதை:
பேஸ்மேக்கரையும் கார்டியோமெம்ஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். பேஸ்மேக்கர் இதயத்துக்குத் துடிப்பு கொடுக்கிறது, அதன் மென்பொருளில் ஓட்டை இருந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். இந்த சென்சாரில் மென்பொருளே கிடையாது, அது உடம்புக்கு எதையும் கொடுப்பதும் இல்லை. கவலைப்பட வேண்டியது தலையணைப் பெட்டியிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் பாதையையும், அந்த சர்வரில் அது எவ்வளவு காலம் யார் கையில் இருக்கிறது என்பதையும்தான். அமெரிக்காவில் 2023 முதல், இணையத்தோடு சேரும் மருத்துவச் சாதனத்துக்கு அனுமதி கேட்கும்போதே இணையப் பாதுகாப்புத் திட்டத்தையும் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய சாதனங்கள் பழைய சாதனங்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்விக்குறி:
அந்த சர்வர்தான் என்னை உறுத்துகிறது. ஒஹாயோ மாநிலத்தில் 2016இல் ஒரு வீடு தீப்பற்றிய வழக்கில், வீட்டுக்காரரின் பேஸ்மேக்கர் பதிவுகளைக் காவல்துறை நீதிமன்ற ஆணை வாங்கி எடுத்தது. தூங்கிக்கொண்டிருந்தேன், அவசரமாகப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று அவர் சொன்னதோடு அந்தப் பதிவுகள் ஒத்துப்போகவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது எனக்குப் பெரிதில்லை. உயிர் பிழைக்க வைத்துக்கொண்ட சாதனம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லலாம் என்று வைத்த அன்றைக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? இன்னொரு பக்கம், தன் சாதனத்தின் பதிவைத் தானே எடுத்துப் பார்க்க விரும்பும் நோயாளிக்குக் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கக் கூடாது என்று அமெரிக்காவில் விதிவிலக்கு வாங்கவே 2015 வரை ஆனது. அடுத்தவர் பார்க்கலாம், உடம்புக்குச் சொந்தக்காரர் பார்க்கப் போராட வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

நீலவானம்:
நிறுவனம் மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வை இழந்தவர்களுக்கு விழித்திரையில் ஆர்கஸ் 2 என்ற சாதனத்தை வைத்தது. உலகம் முழுக்க 350க்கும் மேற்பட்டவர்கள். பிறகு அதை விட்டுவிட்டு நிறுவனம் வேறு வேலைக்குப் போனது, பணமுடையும் வந்தது. பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லை, உதிரிபாகம் இல்லை. மெல்லிய வெளிச்சமாவது தெரிந்துகொண்டிருந்த மனிதர்கள் கண்ணுக்குள் செத்துப்போன கருவியோடு விடப்பட்டார்கள். படித்தபோது மனது ஆறவே இல்லை. உடம்புக்குள் பொருளை வைக்கிற எந்த நிறுவனத்துக்கும், நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டால் இவர்களை யார் பார்ப்பார்கள் என்பதற்கு முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும், சட்டம் அதைக் கேட்க வேண்டும்.

இரவுப்பணி:
முழுக்க ஏற்கிறேன். ஆஸ்பத்திரிகள் பக்கமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இதயத்துடிப்புச் சாதனங்களின் தொலைக் கண்காணிப்பு பற்றி 2023இல் சர்வதேச இதயத்துடிப்பு மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட அறிக்கையில், 1000 நோயாளிகளுக்கு மூன்று முழுநேரப் பணியாளர்களாவது வேண்டும் என்றிருக்கிறது. சாதனம் வைப்பதற்கு ஆள் போடுவார்கள், திரையைப் பார்ப்பதற்கு ஆள் போட யோசிப்பார்கள். லூப் ரெக்கார்டரில் கையை அசைத்ததால் வந்த இரைச்சல், கூடுதலாக ஒரு துடிப்பு எல்லாவற்றையும் அது அபாயம் என்று அனுப்பும். அந்தக் குவியலில் நிஜமான ஒன்றைத் தவறவிடாமல் பிடிப்பது களைத்துப்போன ஒரு ஆளின் கண்கள்தான். ராத்திரி வந்த எச்சரிக்கையை யாரும் அப்போதே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதையும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலை நேரத்தில்தான் பார்ப்பார்கள். மூச்சு முட்டினால் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வளர்பிறை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். அப்பா ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுக்கிறார், சென்சார் வைத்த பிறகு வேறு மருந்து சேர்ப்பார்களா? அப்புறம், தலையணையில் மல்லாந்து படுக்க வேண்டும் என்கிறீர்கள், மோசமான நாட்களில் அவரால் படுக்கவே முடியாது. அன்றைக்குத்தானே அளவு முக்கியம்?

இரவுப்பணி:
மருந்து: வைத்த பிறகு ஒரு மாதம் ஆஸ்பிரினோடு க்ளோபிடோகிரெலும் கொடுப்பது வழக்கம், சென்சாரைச் சுற்றி ரத்தம் உறையாமல் இருக்க. ஏற்கெனவே வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு அதையே தொடர்வார்கள். இந்த இரண்டு வழியுமே ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்த சென்சார் பொருந்தாது, எனவே வயிற்றுப்புண், ரத்தக்கசிவு எதுவும் முன்பு இருந்திருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படுப்பது: நல்ல கேள்வி. அழுத்தம் உட்கார்ந்தால் ஒன்று, படுத்தால் ஒன்று, எனவே தினமும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் எடுத்தால்தான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும். எந்தக் கோணத்தில் அவரால் மோசமான நாளிலும் சமாளிக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே செவிலியரோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். கோர்டெல்லா என்று இன்னொரு நுரையீரல் தமனி சென்சாருக்கும் 2024 ஜூனில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்திருக்கிறது, அதில் நாற்காலியில் உட்கார்ந்து கையடக்கக் கருவியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து அளவு எடுக்கலாம். உங்கள் மருத்துவர் அதை வைக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அவரால் படுக்க முடியாத அளவுக்கு மூச்சு முட்டுகிற நாளில் அளவு எடுக்க முயலவே வேண்டாம், நேராக போன் செய்யுங்கள்.

சுற்றுப்பாதை:
தாளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைத்து முடித்ததும் ஒரு அடையாள அட்டை தருவார்கள், சாதனத்தின் பெயர், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். அதைப் படமெடுத்து உங்கள் போனிலும் அம்மாவின் போனிலும் வைத்துவிடுங்கள். பின்னால் என்றாவது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று அவர்கள் தேடிப் பார்க்க வேண்டியது அந்த மாடல் எண்ணை வைத்துத்தான்.